பனிக்குழியில் ஒருவர், பிரதமர் நாற்காலியில் ஒருவர்: நோபுசுகே கிஷியின் தேசியவாதம்

1958 பிப்ரவரி மாதம். ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில் முயல் வேட்டைக்குப் போன ஒருவர், பனிக்கு அடியில் தோண்டிய குழிக்குள் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டார். தலைமுடி சடை பிடித்திருந்தது. ஜப்பானிய மொழி தெரியவில்லை. அவர் பெயர் லியு லியான்ரென். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து விவசாயி. 1944-இல் கர்ப்பிணி மனைவியை விட்டுப் பிடித்துக்கொண்டு வரப்பட்டு, ஹொக்கைடோ நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வேலைக்குத் தள்ளப்பட்டவர். 1945 ஜூலையில் தப்பி மலைக்குள் ஓடினார். அடுத்த மாதமே போர் முடிந்துவிட்டது. அதை அவருக்குச் சொல்ல அந்தக் காட்டில் யாரும் இல்லை. பதின்மூன்று குளிர்காலங்களைக் குழிக்குள் கழித்துவிட்டார்.

வெளியே வந்த மனிதரை ஜப்பானிய அதிகாரிகள் முதலில் கேட்டது, சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரா என்ற கேள்வியைத்தான். அன்றைக்கு ஜப்பானின் பிரதமர் நோபுசுகே கிஷி. 1942 நவம்பரில் சீனத் தொழிலாளர்களை ஜப்பானுக்குக் கொண்டுவர முடிவெடுத்த அமைச்சரவையில் வணிக, தொழில் துறை அமைச்சராக இருந்தவரும் அதே கிஷிதான். அந்த முடிவின்படி ஏறத்தாழ 39,000 சீனர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 6,800-க்கு மேற்பட்டோர் ஊர் திரும்பாமலே செத்தார்கள்.

ஜப்பானியத் தேசியவாதத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பரிவான நினைவு உண்டு. நேதாஜியின் படைக்குத் தோள் கொடுத்த நாடு, வெள்ளையரை எதிர்த்து நின்ற ஆசிய நாடு என்று கேட்டு வளர்ந்தோம். அதே ஆண்டுகளில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காடுகளில் மடிந்ததும் நடந்தது. இரண்டுமே உண்மை. இந்த இரண்டும் ஒரே அரசியலில் எப்படி அடங்கின என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர் படிக்க வேண்டிய வாழ்க்கை கிஷியினுடையது. அமெரிக்காவுக்குச் சமமாக ஜப்பான் நிமிர வேண்டும் என்று ஆயுள் முழுவதும் பாடுபட்டவர் அவர். ஜப்பானின் காலடியில் கிடந்த ஆசியர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவரது தேசியவாதத்தின் பலமும் ஊனமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

கிஷி பிறந்தது 1896-இல், ஜப்பானின் மேற்கே இருக்கும் யாமாகுச்சி மாகாணத்தில். பழைய சோஷு சிற்றரசின் மண் அது. 1868-இல் பிறந்த நவீன ஜப்பானிய அரசான மேய்ஜி அரசை உருவாக்கிய தலைவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். நாட்டை நடத்துவது தங்கள் குடும்பத் தொழில் என்பதுபோல் நினைக்கும் ஊர்க்காரர்கள். பிறக்கும்போது அவர் சாடோ நோபுசுகே. தந்தை கிஷி குடும்பத்திலிருந்து சாடோ குடும்பத்துக்குச் சுவீகாரம் வந்தவர். பையன் திரும்பவும் கிஷி குடும்பத்துக்குச் சுவீகாரம் போனார். அதனால்தான் அண்ணன் கிஷி, தம்பி எய்சாகு சாடோ. பின்னாளில் தம்பியும் பிரதமரானார்.

டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தபோது முதல் வரிசை மாணவர். பேரரசரே அரசின் உயிர் என்று கற்பித்த பேராசிரியர் உயேசுகி ஷின்கிச்சி, தனக்குப் பின் அந்தப் பதவிக்கு இவரை வைக்க விரும்பினார். கிஷி மறுத்துவிட்டு 1920-இல் வேளாண், வணிக அமைச்சகத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். கெட்டிக்கார மாணவர்கள் நிதி அமைச்சகத்துக்கோ உள்துறைக்கோ போவதுதான் அன்றைய வழக்கம். இவருக்கோ தொழிற்சாலைகள்தான் நாளைய அதிகாரம் என்று அப்போதே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் உற்பத்தி அளவைக் கண்டு மலைத்தார். ஜெர்மனியின் தொழில் சீரமைப்பையும் சோவியத் ஐந்தாண்டுத் திட்டத்தையும் ஊன்றிப் படித்தார். முதலாளியின் லாபத்துக்கு மேலே அரசின் திட்டம் நிற்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. இந்த வலதுசாரிக்குள் ஒரு திட்டமிடும் சோஷலிஸ்ட் பாதி உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டால், பிற்காலத்தில் அவர் செய்த பல காரியங்கள் விளங்காது.

அந்தத் திட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நாடே கிடைத்தது. 1931-இல் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு, பதவியிழந்த சீனப் பேரரசர் பூயியைப் பொம்மையாக உட்கார வைத்து மஞ்சுகுவோ என்று பெயர் சூட்டியது. 1936-இல் கிஷி அங்கே போனார். நாடாளுமன்றம் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, தொழிற்சங்கம் இல்லை. 1937-இல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. எஃகு, நிலக்கரி, மின்சாரம், விமானம் எல்லாம் திட்டத்தில் வந்தன. நிசான் குழுமத்தை ஜப்பானிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து மஞ்சூரியக் கனரகத் தொழில் நிறுவனமாக ஆக்கினார்கள். தோண்டவும் சுமக்கவும் சீனர்கள் வேண்டியிருந்தது. விருப்பப்பட்டு வந்தவர்கள் போதாதபோது பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அரசின் கஜானாவுக்கு அபினி ஏகபோகத்தின் வருமானமும் போனது.

1939-இல் ஊர் திரும்பியபோது, நன்றாக வந்ததோ இல்லையோ, மஞ்சுகுவோவின் தொழில் வளர்ச்சி தான் வரைந்த படைப்பு என்று கிஷி சொன்னார். ஓவியர் தன் படத்தைக் காட்டுவதுபோன்ற பேச்சு இது. அந்தப் படத்துக்குள் மனிதர்கள் வெறும் வண்ணமாகத்தான் இருந்தார்கள்.

டோஜோ 1941 அக்டோபரில் பிரதமரானபோது கிஷி அமைச்சரானார். டிசம்பர் 8 அன்று அமெரிக்கா, பிரிட்டன் மீதான போர்ப் பிரகடனத்தில் அமைச்சர்களோடு அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. பிறகு ஆயுத உற்பத்தித் துறையில் டோஜோவுக்கு அடுத்த இடம். 1944 ஜூலையில் சாய்பான் தீவு விழுந்தது. இனி அமெரிக்க விமானங்கள் டோக்கியோவை எட்டிவிடும் என்பது கிஷிக்குத் தெரிந்தது. அமைச்சரவையை மாற்றிப் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்த டோஜோ, கிஷியை ராஜினாமா செய்யச் சொன்னார். கிஷி மறுத்தார். டோஜோ அரசு கவிழ்ந்தது. அதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சச்சரவில் போர் சரியா தவறா என்ற பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. தோற்கும் போரைத் தொடர்வது அறிவா என்பதே கேள்வி.

போர் முடிந்ததும் முதல் நிலைப் போர்க்குற்றச் சந்தேகத்தில் கைதாகி, டோக்கியோவின் சுகாமோ சிறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1948 டிசம்பர் 23 அன்று அந்தச் சிறையில் டோஜோ உட்பட ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாள் கிஷி விடுதலையானார். அவர் மீது வழக்கே தொடரப்படவில்லை. பனிப்போர் தொடங்கியிருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நிர்வாகம் தெரிந்த பழமைவாதிகள் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டார்கள். விசாரணை நடந்திருந்தால் ஒன்று தண்டனை கிடைத்திருக்கும், அல்லது குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்திருக்கும். இரண்டும் இல்லாமல் போனதுதான் ஜப்பானிய அரசியலில் இன்றுவரை ஆறாத புண். சிறையிலிருந்து கிஷி நேராகப் போனது தம்பி சாடோவிடம். சாடோ அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலர்.

1952-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து, கிஷி மீதிருந்த அரசியல் தடை நீங்கியது. 1953-இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1955-இல் இரண்டு பழமைவாதக் கட்சிகள் இணைந்து லிபரல் ஜனநாயகக் கட்சி பிறந்தபோது அதன் முதல் பொதுச் செயலாளர். சிறைக் கதவைத் தாண்டி ஏழே ஆண்டுகள்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1956 டிசம்பரில் கட்சித் தலைமைக்கு நடந்த தேர்தலில் கிஷி ஏழு வாக்குகளில் தோற்றார். வென்றவர் டான்ஸான் இஷிபாஷி, பத்திரிகையாளர். கொரியா, தைவான், மஞ்சூரியா எல்லாவற்றையும் ஜப்பான் விட்டுவிட வேண்டும், அதுதான் நாட்டுக்கே லாபம் என்று 1921-லேயே எழுதியவர். ஜப்பானியருக்குத் தேசப்பற்று என்றால் பேரரசுதான் என்று யாராவது சொன்னால் இஷிபாஷியைக் காட்டலாம். பதவியேற்ற சில வாரங்களில் அவர் நோயில் விழுந்தார். நாடாளுமன்றத்துக்கு வர முடியாத பிரதமர் பதவியில் நீடிக்கக் கூடாது என்று 65 நாள்களில் விலகிக்கொண்டார். 1957 பிப்ரவரியில் அந்த நாற்காலி கிஷிக்கு வந்தது.

பிரதமர் கிஷி முதலில் பயணப்பட்டது ஆசியாவுக்கு. மே மாதம் பர்மா, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என்று சுற்றினார். இந்தியாவுக்கு வந்த முதல் ஜப்பானியப் பிரதமர் அவர்தான். நேரு அவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தி, தான் பெரிதும் மதிக்கும் நாட்டின் பிரதமர் என்று அறிமுகப்படுத்தியதைப் பேரன் ஷின்சோ அபே 2007-இல் நம் நாடாளுமன்றத்தில் நினைவுகூர்ந்தார். 1958-இல் ஜப்பான் தன் முதல் யென் கடனை இந்தியாவுக்குத்தான் கொடுத்தது. போரில் தோற்று உலகமே முகம் திருப்பிய காலத்தில் கிடைத்த மரியாதையை அந்தக் குடும்பம் மறக்கவில்லை. பர்மாவிலும், அந்த ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும், போரில் நேர்ந்தவற்றுக்கு கிஷி வருத்தம் தெரிவித்தார். அரசுக்கு அரசு வருத்தம் சொல்ல அவருக்குத் தெரியும். ஹொக்கைடோவில் குழியிலிருந்து வந்த விவசாயிக்கு என்ன சொன்னார்? மன்னிப்பும் இழப்பீடும் கேட்ட லியுவுக்கு அரசுத் தரப்பில் ஒரு லட்சம் யென் நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கவில்லை. 1958 ஏப்ரலில் சீனா திரும்பி, தான் பார்த்தே இராத மகனைப் பதின்மூன்று வயதுச் சிறுவனாகப் பார்த்தார். சீனத் தொழிலாளர்களைப் பற்றி ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் 1946-லேயே ஒரு விரிவான அறிக்கை தயாரித்திருந்தது. அது தங்களிடம் இல்லை என்று அரசு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 1993-இல்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

கிஷியின் உண்மையான குறி வாஷிங்டன். 1951-இல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் எந்தச் சுயமரியாதையுள்ள நாட்டுக்கும் கசக்கக்கூடியது. அமெரிக்கப் படை ஜப்பானில் இருக்கும். ஜப்பானைக் காப்பது கடமை என்று ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. உள்நாட்டுக் கலவரம் வந்தால் ஜப்பானிய அரசின் வேண்டுகோளின் பேரில் அதை அடக்கவும் அந்தப் படையைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தத்துக்குக் காலவரையறையும் கிடையாது. 1957 ஜனவரியில், துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஏழைப் பெண்ணொருத்தியை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொன்றான். நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பையே காரணமாகக் காட்டி அமெரிக்க அதிபர் ஐசனோவரிடம் புதிய ஒப்பந்தம் கேட்டார் கிஷி. 1960 ஜனவரி 19 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. உள்நாட்டுக் கலவரப் பிரிவு போனது. ஜப்பானைக் காக்கும் கடமை சேர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஓராண்டு முன்னறிவிப்போடு யாரும் விலகலாம் என்ற விதியும் வந்தது. தாள்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பழையதைவிடப் புதியது நல்லதுதான்.

பிறகு ஏன் லட்சக்கணக்கான மக்கள் தெருவுக்கு வந்தார்கள்? ஒப்பந்தம் ஒரு காரணம், கொண்டுவந்த ஆள் இன்னொரு காரணம். அமெரிக்கத் தளங்கள் இருக்கும்வரை அடுத்த போரிலும் தங்கள் நகரங்கள்தான் எரியும் என்று ஹிரோஷிமாவைப் பார்த்த தலைமுறை பயந்தது. அதற்கு முன்பே 1958-இல் போலீஸாரின் அதிகாரத்தை விரிக்கும் மசோதா ஒன்றை கிஷி கொண்டுவந்திருந்தார். காதலர்கள் பூங்காவில் உட்காரக்கூட முடியாத சட்டம் என்று வார இதழ்கள் கேலி செய்ய, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, மசோதா வாபஸ் ஆனது. டோஜோவின் அமைச்சர் திரும்பி வந்துவிட்டார் என்ற அச்சம் அப்போதே ஊறிவிட்டது.

1960 மே 19 இரவு அந்த அச்சத்துக்குச் சாட்சியம் கிடைத்தது. ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைப்பதைத் தடுக்க சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சபாநாயகரின் வழியை மறித்து உட்கார்ந்தார்கள். கிஷி தரப்பு ஐந்நூறு போலீஸாரை நாடாளுமன்றத்துக்குள் அழைத்தது. உறுப்பினர்களைக் கைகால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டார்கள். நெரிசலுக்குள் தள்ளாடிக் கொண்டுவரப்பட்ட முதிய சபாநாயகர் இச்சிரோ கியோசே, டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் டோஜோவுக்காக வாதாடிய வழக்கறிஞர். நள்ளிரவு தாண்டியதும் எதிர்க்கட்சி இல்லாத அவையில் வாக்கெடுப்பு முடிந்தது. இஷிபாஷி போன்ற ஆளுங்கட்சித் தலைவர்கள் சிலரும் வரவில்லை. விதிப்படி, மேலவை எதுவும் செய்யாவிட்டாலும் முப்பது நாள்களில், ஜூன் 19 அன்று ஒப்பந்தம் தானாக நிறைவேறிவிடும். ஐசனோவரும் அந்த நாளில் வருவதாக ஏற்பாடு.

அதன் பிறகு சண்டை ஒப்பந்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஜனநாயகத்தைக் காப்போம் என்று குடும்பத் தலைவிகளும் கடைக்காரர்களும் நடந்தார்கள். தான் செவிசாய்ப்பது குரலற்றவர்களின் குரலுக்கு என்றார் கிஷி. பேஸ்பால் மைதானங்கள் நிறைந்துதானே இருக்கின்றன என்றும் காட்டினார். அதைக் கேட்ட சாதாரண மக்கள் சிலர் "குரலற்றவர்களின் குரல்" என்றே எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வழியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அதன் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஜூன் 10 அன்று ஐசனோவரின் செய்திச் செயலாளர் காரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, அவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. ஜூன் 15 மாலை மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் புகுந்தபோது நடந்த மோதலில், டோக்கியோ பல்கலைக்கழக மாணவி மிச்சிகோ கன்பா உயிரிழந்தார். வயது 22. ஐசனோவரின் பயணம் ரத்தானது.

ஜூன் 18 இரவு பிரதமர் இல்லத்தைச் சுற்றி மக்கள் கடல். உள்ளே கிஷியும் தம்பி சாடோவும் மட்டும் பிராந்தியோடு உட்கார்ந்து நள்ளிரவுக்குக் காத்திருந்தார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட காட்சி. பன்னிரண்டு மணி அடித்ததும் ஒப்பந்தம் நிறைவேறியது. 23-ஆம் தேதி ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்ட அன்றே பதவி விலகுவதாக கிஷி அறிவித்தார். ஜூலை 14 அன்று பிரதமர் இல்லத்திலேயே ஒரு வலதுசாரி அவரைத் தொடையில் பலமுறை குத்தினார். உயிர் தப்பியது.

கிஷியை வெறும் கொடுங்கோலராக எழுதிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் தேசிய ஓய்வூதியச் சட்டமும் 1959-இல் வந்தவை. எல்லாக் குடிமக்களுக்கும் மருத்துவக் காப்பீடு என்ற 1961-ஆம் ஆண்டுச் சாதனைக்கு அடித்தளமான சட்டம் 1958-இல் வந்தது. இன்றைய ஜப்பானிய முதியவரின் மருத்துவச் செலவில் கிஷியின் கை இருக்கிறது. மஞ்சூரியாவில் திட்டம் போட்ட அதே மூளைதான் இதையும் செய்தது. ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பானில் தொழிற்சங்கமும் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் வாக்குச்சீட்டும் அந்த மூளைக்கு வேலி போட்டிருந்தன. அந்த வேலியை அவர் விரும்பவே இல்லை. மிச்சிகோ கன்பாக்கள் காத்தது அதைத்தான். அவர்களும் தேசப்பற்றாளர்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிஷியின் பெரிய கனவு அரசியல் சட்டத் திருத்தம். போரைத் துறக்கும் ஒன்பதாவது பிரிவு ஆக்கிரமிப்பாளர் எழுதிக்கொடுத்தது, அதை மாற்றினால்தான் ஜப்பான் முழு நாடு என்று 1987-இல் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தமே அந்தக் கனவுக்குத் தடையாகிவிட்டது. அமெரிக்கக் குடைக்குக் கீழே இடம் உறுதியானதும், அடுத்த பிரதமர் இகேடா பத்தாண்டில் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்றார். 1960 நவம்பர் தேர்தலில் அதே ஆளுங்கட்சிக்கு 296 இடங்கள். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லாமல் போனது.

தெருவில் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில், கிஷி வீட்டுக்குள் ஐந்து வயதுப் பேரன் தாத்தாவைக் குதிரையாக்கி ஏறிக்கொண்டு, "ஆன்போ ஹந்தாய்" என்று கத்தினான். ஒப்பந்தம் வேண்டாம் என்று பொருள். பெற்றோர் ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லச் சொன்னார்களாம். தாத்தா சிரித்துக்கொண்டிருந்தாராம். ஷின்சோ அபே பிற்காலத்தில் தன் நூலில் எழுதியது இது. அபேவுக்கு இன்னொரு தாத்தாவும் இருந்தார். கான் அபே, 1942 தேர்தலில் டோஜோ தரப்பின் ஆதரவில்லாமல் நின்று வென்றவர். பேரன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அபே அரசியலில் தூக்கிப் பிடித்தது கிஷியைத்தான். 2015-இல் நேச நாடுகளுக்காகவும் ஜப்பானியப் படை போரிடலாம் என்று சட்டம் கொண்டுவந்தபோது, அதே நாடாளுமன்ற வாசலில் மறுபடி கூட்டம் திரண்டது. அதே ஆண்டு, போரோடு சம்பந்தமில்லாத பிள்ளைகள் தொடர்ந்து மன்னிப்புக் கேட்கும்படி விடக் கூடாது என்றும் பேசினார். ஒன்பதாவது பிரிவை மட்டும் அவராலும் தொட முடியவில்லை. 2022 ஜூலையில் நாரா நகரில் அவரைச் சுட்டவர், தன் தாயின் சொத்தையெல்லாம் கறந்த, தென் கொரியாவில் தோன்றிய மதக்குழுவான ஒருங்கிணைப்புத் திருச்சபையின் மேல் இருந்த கோபத்தால் செய்ததாகச் சொன்னார். அந்தச் சபைக்கும் அபே குடும்பத்துக்கும் இருந்த உறவு, 1960-களில் கம்யூனிச எதிர்ப்புக்காக கிஷி கொடுத்த ஆதரவிலிருந்து தொடங்கியது.

லியு லியான்ரென் 1996-இல் ஜப்பானிய அரசின் மேல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்புக்கு முன் 2000-இல் இறந்துவிட்டார். மறு ஆண்டு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், போர் முடிந்தபின் அவரைத் தேடி மீட்கத் தவறியது அரசின் குற்றம் என்று சொல்லி, அவர் கேட்ட இரண்டு கோடி யென்னைக் குடும்பத்துக்குக் கொடுக்க உத்தரவிட்டது. அரசு மேல்முறையீடு செய்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2007-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. அப்போது பிரதமர் ஷின்சோ அபே.